காதர் ஒட்டு

செல்வம், ஞாயிற்றுக்கிழமை நீ வாஷியிலிருந்து புதுக் காரைக் கொண்டுவரும்போது சாவியை என் கையில் கொடுக்காதே. மற்றதெல்லாம் பிறகு சொல்கிறேன், இதை முதலில் மனதில் வைத்துக்கொள். போனில் நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "யப்பா, அந்தப் பழைய தொப்பிய எடுத்துத் தொடச்சி வையுங்க. தெருவே நின்னு பாக்கணும். மொத ரவுண்டு நீங்கதான் ஓட்டுறீங்க" என்றாய். நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வயதாகி மறந்துபோனது என்று நினைத்துக்கொள்ளாதே. என்றைக்குமே தெரியாது. நாற்பது வயது நெருங்குகிற பிள்ளைக்கு அப்பன் இதைச் சொல்வதற்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நேரில் சொல்ல முடியாமல்தான் எழுத்தில் சொல்கிறேன்.

எனக்கு எழுத்தும் தெரியாது, அது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் ஜைனப். நம் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டில் இருக்கும் காதரின் மூத்த மகள், பள்ளிக்கூட டீச்சர். இந்தச் சந்தில் எழுதத் தெரிந்தவர்கள் வேறு பேரும் இருக்கிறார்கள். அவளையே கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், அதனால் மருமகள் வாசிக்கட்டும். பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தெருவை நிறுத்தி வைத்து வாசித்தாலும் எனக்குச் சம்மதம். யாரும் கேட்கக் கூடாது என்று நான் மறைத்து வைத்திருந்தது போதும்.

போன மாதம் உன் புது வீட்டுக்கு வந்திருந்தேன் அல்லவா. சமையலறைக் குழாயில் ஆள் வந்து ஒட்டுப் போட்டுவிட்டுப் போன மறுநாளே தண்ணீர் ஒழுகியது. நீ உன் ஆபீஸ் நண்பர்கள் முன்னால், "இது சரியான காதர் ஒட்டு" என்று சொன்னாய். அவர்கள் என்னவென்று கேட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே விளக்கினாய். உன் சின்ன மகள் அதைப் பிடித்துக்கொண்டு, பென்சில் முனை உடைந்ததற்கும் "காதர் ஒட்டு, காதர் ஒட்டு" என்று சொல்லிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். நம் வீட்டில் வாளி ஒழுகினால், கதவுக் கீல் பிடுங்கிக்கொண்டால், தைத்த சட்டை பிரிந்தால், முப்பது வருஷமாக அதுதான் வார்த்தை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். நீ நினைத்துக்கொண்டிருப்பது தப்பு. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அறுபதுகளில், சண்டை வந்து ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னார்களே, அதற்கு முந்தின வருஷம். நீ மூன்றாம் வகுப்பு. நான் செம்பூரில் ஒரு சேட் பங்களாவில் வேலைக்கு இருந்தேன். பெரிய சேட்டுக்கு ஒரு கார், அதற்கு ஒரு டிரைவர் இருந்தார். சின்ன சேட்டுக்கு ஒரு சிவப்பு சீமைக் கார். கூரைக்குப் பதில் மடக்குகிற துணி, தரையோடு தரையாகப் போவது, இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். அதை அவர் யாரையும் தொட்டு ஓட்ட விடமாட்டார். ஆனால் அந்தக் காருக்கு ஒரு சீக்கு உண்டு. சக்கரமெல்லாம் சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி போட்டது. ஏதாவது ஒரு கம்பி முனை உள்ளே நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தும். அந்த அளவு டயர் அன்றைக்கு இந்த ஊரில் எங்கே தேடினாலும் கிடைக்காது. கப்பலில் வந்தால்தான் உண்டு, கப்பலில் வரவும் சர்க்கார் விடாது. துணி தெரிகிற அளவு தேய்ந்த டயரையே திரும்பத் திரும்ப ஒட்டி ஓட்டவேண்டியது. சயான் தாண்டுவதற்குள் ஒன்று, தாதர் தாண்டுவதற்குள் ஒன்று என்று காற்று இறங்கும். சின்ன சேட் வெள்ளைச் சட்டைக்காரர், ரோட்டில் மண்டி போடுவாரா. அதற்காக ஒரு ஆளை வைத்தார். அந்த ஆள்தான் உன் அப்பன். ஓட்டுகிறவர் அவர், பக்கத்தில் உட்கார்ந்து போகிறவன் நான். பங்சர் ஆனால் இறங்க வேண்டும், ஸ்டெப்னியை மாட்ட வேண்டும், ஏறிக்கொள்ள வேண்டும். அவரோடு ஒரு அம்மாள் வந்தால் எனக்கு சீட் கிடையாது. சீட்டுக்குப் பின்னால் கூரைத் துணியை மடித்து வைக்கிற இடுக்கில் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வேன். ஒரு தடவை வர்லிக் கடற்கரையில் அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுவும் காரோடு வந்ததா" என்று இந்தியில் கேட்டாள். சேட் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வேலையை நான் நன்றாகத்தான் செய்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தச் சக்கரத்துக்கு நாலு நட்டு கிடையாது. நடுவில் ஒரே நட்டு, அதற்கு இரண்டு காது. செம்பு முகம் வைத்த சுத்தியலால் காதில் அடிக்க வேண்டும். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் அடித்தால் கழலும். எதிர்ப்பக்கம் அடித்தால் இறுகும். உன் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஜாக்கி ஏற்றுவதற்கு முன்னால் நட்டைக் கொஞ்சம் இளக்கிக்கொள், சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் அது அசையாமல் நிற்கும். எதிர்ச் சக்கரத்துக்கு ஒரு கல் அண்டக் கொடு. ஸ்டெப்னியை டிக்கியில் போட்டுவிட்டோம் என்று மறந்துவிடாதே. காற்று அடித்த அன்றைக்கு மட்டும்தான் அதில் காற்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மாதம் ஒரு தடவையாவது கையால் அமுக்கிப் பார்.

பொய் எங்கே ஆரம்பித்தது என்றால், உன் அம்மாவின் அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். "மாப்ளைக்கு என்ன வேல?" என்றார். "கார்ல" என்றேன். "டிரைவரா?" என்றார். எனக்கு முந்தி ஒருத்தன் தலையாட்டினான், அந்த ஒருத்தனும் நான்தான். அவர் ஊருக்குப் போய்ச் சொன்னார். ஊரிலிருந்து அது திரும்ப இந்தச் சந்துக்கு வந்தது. அப்புறம் எனக்கு ஒரு தொப்பி தேவைப்பட்டது. பழைய சாமான் கடையில் வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கி, சந்து முனையில் போட்டுக்கொள்வேன், செம்பூர் பஸ் ஏறியதும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். நீ அதைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டில் மேல் உட்கார்ந்து வாயால் ஹாரன் அடிப்பாய். உன் அம்மா ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "டிரைவருக்குக் கால்சட்டை பின்னாலல்லா தேயும். உங்களுக்கு முட்டி முட்டியாத் தேயுதே." அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. முட்டியில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த டியூப்களுக்கு ஒட்டுப் போடுகிறவன் காதர். மெயின் ரோட்டு முனையில், சயான் பக்கம் திரும்புகிற இடத்தில் தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கைப்பம்பு. அவனும் நம் திருநெல்வேலிப் பக்கம்தான், மேலப்பாளையம். சைக்கிளுக்கும் கைவண்டிக்கும் ஒட்டிக்கொண்டிருந்தவனை நான்தான் சின்ன சேட்டிடம் கூட்டிப்போனேன். அவன் கம்பி முனையெல்லாம் அரத்தால் ராவி, உள்ளே பழைய டியூபை நாடா மாதிரி வெட்டிச் சுற்றிக் கொடுத்தான். சேட்டுக்குப் பிடித்துப்போயிற்று. அவருடைய சிநேகிதர்களின் காரெல்லாம் அந்தக் கொட்டகைக்கு வர ஆரம்பித்தது. ஒரு பெரிய பங்களாக் கார் வந்து நின்றால் காதர் என்னைப் பார்த்து, "ஓய் டிரைவரே, ஒம்ம சாதிக்காரன் வந்திருக்கான்" என்பான். நான் டிரைவர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். சந்தில் யாரிடமும் அவன் சொன்னதில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேலி பண்ணுவான்.

அன்றைக்கு மத்தியானம் நடந்ததை நீ ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். செம்பூரிலிருந்து வரும்போது, லேபர் கேம்ப் பக்கத்தில், உன் பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே பின் சக்கரம் இறங்கிவிட்டது. நான் ஸ்டெப்னியை மாட்டி, நட்டை அடித்து இறுக்கி, இறங்கிய சக்கரத்தை டிக்கியில் போடுகிற நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் ஈ மாதிரி மொய்த்துவிட்டார்கள். நடுவில் உன் குரல். "இது எங்கப்பா காருல. எங்கப்பாதான் ஓட்டுவாங்க." ஒரு பையன், "பொய் சொல்லுதான்ல" என்றான். நீ என்னைப் பார்த்து, "யப்பா, நீங்க சொல்லுங்க" என்றாய். சின்ன சேட்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நீ என் பிள்ளை என்பது முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. அன்றைக்கு என்ன சந்தோஷமோ, சாவியை என் கையில் போட்டார். "ஜா, பச்சே கோ சர்க்கிள் தக் குமாகே லா. மை சாய் பீதா ஹூம்." பிள்ளையை கிங்ஸ் சர்க்கிள் வரை ஒரு சுற்று கூட்டிப்போய் வா, நான் டீ குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எதிரே இரானி ஓட்டலுக்குள் போய்விட்டார். அவருக்கு என் வேலை என்ன என்று தெரியும். ஓட்டத் தெரியாதவன் ஒருத்தன் இரண்டு வருஷம் காரில் பக்கத்தில் உட்கார்ந்து வருவான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நீ அதற்குள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாய். பையை மடியில் வைத்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கையால் கதவைத் தொடவில்லை, அழுக்காகிவிடும் என்று. உன் வாத்தியார் வாசலில் நின்று பார்க்கிறார். சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இது சேட் காரு மக்கா, எனக்கு ஓட்டத் தெரியாது, நான் சக்கரம் மாட்டுறவன்." ஒரு நாள் உன்னை நாலு பையன்கள் கேலி செய்திருப்பார்கள். அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா. நட்டைச் சரிபார்க்கிறவன் மாதிரி பின்னால் போய், அப்போதுதான் மாட்டிய ஸ்டெப்னிப் பக்கம் குத்தவைத்தேன். வால்வு மூடியைத் திருகி எடுத்தேன். கட்டைவிரல் நகத்தால் ஊசியை அமுக்கிப் பிடித்தேன். காற்று சீறுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று மற்ற கையால் சுத்தியலை எடுத்து நட்டின் காதில் அடித்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் அந்த டங் டங் சத்தத்துக்குக் கை தட்டினார்கள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உன் முதுகுப் பக்கம் தாழ்ந்தது. நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்பா வேலை செய்கிறார் என்று உட்கார்ந்திருந்தாய்.

எழுந்து வந்து உன்னிடம் சொன்னேன். "இதுவும் எறங்கிட்டு மக்கா. காதரு போட்ட ஒட்டு சரியில்ல." அந்த வார்த்தை பிறந்த இடம் அதுதான். நீ பையை எடுத்துக்கொண்டு இறங்கினாய். சேட் வெளியே வந்து பார்த்தார். இரண்டு சக்கரம் காலி, வேறு ஸ்டெப்னி கிடையாது, அவர் எங்கேயோ போகவேண்டிய அவசரம். "கிஸ்னே பனாயா?" என்றார். யார் ஒட்டியது என்று கேட்டால் நான் என்ன சொல்ல. காதர் என்றேன். சக்கரத்தைத் திரும்பக் கழற்றி ரோட்டோரமாக உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் சேட், அவருக்குப் பின்னால் நீயும் உன் வகுப்புப் பிள்ளைகளும்.

காதர் டயரைப் பெயர்த்து டியூபை எடுத்தான். காற்றடித்தான். தொட்டியில் அமுக்கினான். ஒட்டுப் போட்ட இடத்தைத் தண்ணீருக்குள் இரண்டு கட்டைவிரலாலும் விரித்துப் பார்த்தான். ஒரு குமிழ் வரவில்லை. டியூபை முழுவதும் சுற்றி அமுக்கினான். குமிழ் இல்லை. வால்வு வாயில் எச்சிலைத் தொட்டு வைத்தான். எச்சிலும் குமிழவில்லை. அந்த டியூபில் ஓட்டையே கிடையாது. பிள்ளைகள் எல்லாம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதர் மட்டும் தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தான். கட்டைவிரல் நகத்தில் வால்வு ஊசி பதிந்து சிவந்திருந்தது. நான் விரலை மடக்கிக்கொண்டேன். அப்புறம் உன்னைப் பார்த்தான். நீ பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாய். "க்யா ஹுவா?" என்று சேட் கத்தினார். காதர் எழுந்து கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு சொன்னான். "கல்தி மேரா ஹை சாப். வால்வு டீலா ரஹ் கயா." தப்பு என்னுடையது, வால்வை இறுக்காமல் விட்டுவிட்டேன் என்றான். சேட் அவனைச் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னார். இனிமேல் இந்தக் கொட்டகைக்கு எங்கள் ஆட்கள் கார் ஒன்றும் வராது என்றார். வரவும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் நீ உன் அம்மாவிடம், "காதர் ஒட்டுனாலே போயிரும்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் உன்னை அதட்டியிருக்க வேண்டும். நானும் சேர்ந்து சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. யோசித்துப் பார், சாகும்வரை அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நீ கேட்டிருக்கிறாயா.

நாலைந்து நாள் காதர் கொட்டகைப் பக்கமே நான் போகவில்லை. அப்புறம் ஒரு நாள் டீக்கடையில் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். அவன் திட்டுவான் என்று நின்றேன். டீயை ஊதிக்கொண்டே, "ஏன் வே, எனக்கு ஓட்டத் தெரியும்லா. ரெண்டு எட்டு வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா வந்து புள்ளைய சர்க்கிள் வரைக்கும் கூட்டிட்டுப் போயிருப்பேனே. நீரு தொப்பியப் போட்டுட்டுப் பின்னால உக்காந்திருக்கலாமே" என்றான். அவ்வளவுதான் கேட்டான். காதர் பட்டாளத்து லாரி ஓட்டியவன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை நாளும் பக்கத்தில் இருந்தும் நான் அவனைக் கேட்டதில்லை. அவன் திரும்ப சைக்கிளுக்கும் கைவண்டிக்கும் ஒட்டினான். கண்ணில் புரை விழும்வரை ஒட்டினான். நான் சின்ன சேட் அந்தக் காரை விற்கும்வரை தொப்பி போட்டுக்கொண்டு போய்வந்தேன். அதற்குப் பிறகு மில் வாசலில் காவலுக்குப் போனபோதும் நீ எல்லாரிடமும், "எங்கப்பா ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுனவங்க" என்றுதான் சொல்லிவந்தாய். சொல்லும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாய். நான் ஆமாம் என்பதுபோல நிற்பேன்.

தொட்டியில் குமிழ் வராத இடத்தை நான் சொன்னபோது ஜைனப் பேனாவை வைத்துவிட்டாள். எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். நான், "எழுத வேண்டாம்னா விட்டுரு தாயி" என்றேன். அவள், "சொல்லுங்க மாமா, எழுதுறேன்" என்றாள். உங்கள் வாப்பா இதை வீட்டில் சொன்னதுண்டா என்று கேட்டேன். "சொன்னதில்ல மாமா. ஆனா ஒங்க வீட்டுல 'காதர் ஒட்டு'ன்னு சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டா உம்மா ரேடியோவ எடுத்து அந்தச் சுவருகிட்ட வச்சு சத்தமா வப்பாங்க. உம்மாவுக்குப் பாட்டுன்னா அவ்வளவு ஆசன்னு நாங்க நெனச்சிட்டோம்." இதையும் எழுது என்றேன். எழுதியிருக்கிறாள். முப்பது வருஷம் நாம் சிரித்தது அந்த ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, செல்வம். ஜைனபின் உம்மா போன வருஷம் மவுத்தானபோது நாம் இரண்டு பேரும்தான் பந்தலில் நாற்காலி போட்டோம்.

நீ பிறத்தியாரைக் கேலி பண்ணுகிற பிள்ளை இல்லை. நான் உன் வாயில் வைத்துவிட்ட வார்த்தை அது. நானே எடுக்க வேண்டும், என் கை போதவில்லை, அதனால் உன்னையும் கூப்பிடுகிறேன். உன் சின்ன மகளிடம் முதலில் சொல். அதட்டாதே. அந்த ஒட்டு விடவே இல்லை, அது கடைசிவரை பிடித்துக்கொண்டுதான் இருந்தது, தாத்தாதான் காற்றைப் பிடுங்கினார் என்று சொல். உன் ஆபீஸ் நண்பர்களுக்கும் சொல். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நீ பார்க்காதே. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அது எனக்கு வரவேண்டியது, வேறு வீட்டில் போய் இத்தனை நாள் தங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்துக்குள் வந்ததும் என் வாசலுக்கு வராதே. காதர் வாசலில் நிறுத்து. இறங்கிப் போய் அவனைக் கூப்பிடு. கண் சரியாகத் தெரியாது, குரல் கொடுத்து உன் பெயரைச் சொல். வரமாட்டேன் என்பான். அப்போது இந்தக் கடிதம் உன்னிடம் இருக்கிறது என்று சொல். அதற்கும் வரவில்லை என்றால் வற்புறுத்தாதே, அது அவன் இஷ்டம். காரைத் திருப்பிக்கொண்டு வாஷிக்குப் போய்விடு. நான் வாசலில் நிற்கமாட்டேன், உனக்கு மனக்கஷ்டம் வேண்டாம். வந்தான் என்றால் சாவியை அவன் கையில் கொடு. வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு உன்னிடமே திருப்பித் தருவான். முன் சீட்டில் அவனை உட்கார வை. கிங்ஸ் சர்க்கிள் வரை போய்விட்டுத் திரும்பு, அந்தப் பள்ளிக்கூட வழியாகவே போ. தொப்பி வேண்டாம், அதை நான் குப்பையில் போட்டுவிட்டேன். ஆனால் புறப்படுவதற்கு முன்னால் டிக்கியைத் திறந்து வை. ஸ்டெப்னியை நான் அமுக்கிப் பார்த்துத் தருகிறேன், அது எனக்குத் தெரிந்த வேலை. அப்புறம் பின் கதவைத் திற. பின்னால் காலை மடக்கி உட்கார்ந்து எனக்குப் பழக்கம்தான்.